தர்மன் அனுப்பிய ஒற்றை வார்த்தை

"யெஸ்."

அவ்வளவுதான். அடியில் 'டி. தர்மன்' என்று பெயர். அன்புள்ள என்று ஒரு தொடக்கம் இல்லை, இப்படிக்கு என்று ஒரு முடிவு இல்லை.

பிரின்ட் எடுத்த அந்தத் தாளைச் சிந்தாமணி விபூதி வாங்குகிறவளைப் போல இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். எழுத்துக் கூட்டினால் அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும். மூன்றே எழுத்து. படித்து முடித்த பிறகும் அவள் கண் தாளைவிட்டு நகரவில்லை.

"நேத்து சாயங்காலம் நீங்க சொல்லச் சொல்ல நான் அடிச்சு அனுப்பினேனே அக்கா, அதுக்குத்தான் பதில். காலைல டவுனுக்குப் போய்ப் பார்த்தேன். வந்து உக்காந்திருக்கு" என்றாள் ஜெயசித்ரா.

"நான் என்னா கேட்டேன்?"

"நல்லா இருக்கீங்களா, வூட்டுக்கு வருவீங்களா. ரெண்டு கேள்வி."

"ரெண்டுக்கும் சேர்த்து ஒரே யெஸ்ஸா?"

"இன்ஜினீயர் இல்லீங்களா? சிமெண்ட்டை சிக்கனமா போட்டிருக்காரு."

சிந்தாமணி சிரித்துவிட்டாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் புருஷன் காணாமல் போனதிலிருந்து இன்றுதான் அவள் சிரிக்கிறாள். அதைப் பார்த்ததும் வாசற்படியில் ஈரச் செருப்போடு நின்றுகொண்டிருந்த ஆண்டவருக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. பிற்பாடு அந்த நாளை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம், தான் சறுக்கியது அந்த இடத்தில்தான் என்று அவருக்குத் தோன்றும்.

ஆண்டவர் திருச்சியில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறவர். போலீஸில் இருந்து, ஒத்துவராமல் வெளியே வந்தவர். மனிதர்களின் கண்ணைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிப்பார். கம்ப்யூட்டரைக் கண்டால் மட்டும் கைகட்டி நிற்பார். அந்தக் குறையை அடைக்கத்தான் ஜெயசித்ராவை வேலைக்கு வைத்தார். அவள் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவள். வாய்க்குத் தனியாக கோர்ஸ் எதுவும் போகவில்லை; அது கூடப் பிறந்தது.

தர்மன், அரியலூரை அடுத்த ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் கன்ட்ரோல் ரூம் இன்ஜினீயர். சுண்ணாம்புக்கல் வேகும் ராட்சதச் சூளையின் சூட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து கண்காணிப்பது உத்தியோகம். இனி அந்த வேலையைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளப் போகிறது என்று ஆலையில் பேச்சு அடிபட்டது முதல் ஆளுக்குத் தூக்கம் போனது. செயற்கை அறிவு பற்றி உலகத்தில் எந்த மூலையில் எந்த ஆராய்ச்சி நடந்தாலும் அதைச் சுருக்கி வாராவாரம் மெயிலில் அனுப்பும் பத்திரிகைகள் உண்டாம். அகப்பட்டதற்கெல்லாம் பெயரைக் கொடுத்து வைத்திருந்தார்.

"ஒரு வாரம் படிக்காம வுட்டா ஒலகமே நம்மளைத் தாண்டிப் போயிடும்பாரு சார். சோத்துல கை வச்சிக்கிட்டுப் படிப்பாரு. படிக்கப் படிக்க மொகம் தெளியணுமில்ல? இருண்டுதான் போவும். 'முடியல சிந்தா, எட்டவே முடியல'ம்பாரு" என்று சிந்தாமணி முதல் நாளே சொல்லியிருந்தாள்.

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தர்மனின் தம்பி முத்துவேல். மழைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

"அண்ணி, கெளம்புங்க. ஏட்டு மறுபடியும் சொல்லி அனுப்பிட்டாரு."

சிந்தாமணி தாளை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

கல் வெட்டிக் கைவிட்ட குவாரிக் குட்டை ஒன்றில் ஓர் ஆண் உடம்பு மிதந்திருந்தது. எத்தனை நாள் தண்ணீரில் கிடந்ததோ, முகம் முகமாக இல்லை, துணிமணியும் இல்லை. ஆஸ்பத்திரிக் கிடங்கில் கிடத்தியிருந்தார்கள். முத்துவேல் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். உயரம் ஒத்துப்போகிறது, மற்றது ஒன்றும் சொல்ல முடியவில்லை என்றான். பெண்டாட்டி வந்து பார்க்கட்டும் என்றது போலீஸ். இன்று சாயங்காலத்துக்குள் யாரும் உரிமை கோராவிட்டால் அநாதைப் பிணம் என்று புதைத்துவிடுவார்கள்.

"நான் ஏன் தம்பி வரணும்? அடுத்தவ புருஷன் பொணத்தை நான் எதுக்குப் பாக்கணும்?" சிந்தாமணி தாளை நீட்டினாள். "உங்கண்ணன் பதில் போட்டிருக்காரு. பாரு."

முத்துவேல் பார்த்தான். தாளை முன்னும் பின்னும் திருப்பினான். "சார், இதை நம்பலாமா?" என்று ஆண்டவரிடம் கேட்டான்.

"ஜெயா, நேத்து ராத்திரி என்கிட்ட சொன்னியே, அந்தப் பெட்டிக் கணக்கு. அதை இவங்களுக்கும் சொல்லு."

"இலவசமா கிடைக்கிற மெயில் பெட்டி தீப்பெட்டி சைஸ்தாங்க இருக்கும். அண்ணனுக்கு வர்ற பத்திரிகைங்களுக்கு, ஆளில்லாம வுட்டா எப்பவோ ரொம்பி வழிஞ்சிருக்கணும். ரொம்பிட்டா நாம அனுப்பறது 'இடமில்லை'ன்னு நமக்கே திரும்பி வந்துடும். என் மெயில் திரும்பி வரல. உள்ள போயிடுச்சு."

"அப்படின்னா?"

"அப்படின்னா யாரோ தினம் அந்தப் பெட்டியைத் திறந்து குப்பை கூட்டிக்கிட்டே இருக்காங்க" என்றார் ஆண்டவர். "போதாததுக்கு பேர் போட்டு பதிலும் வந்திருக்கு. தண்ணிக்குள்ள கிடக்கிறவர் இதைச் செய்ய முடியாது, முத்துவேல்."

பிறகு சிந்தாமணியின் பக்கம் திரும்பி, துப்பறிகிறவன் எந்தக் காலத்திலும் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னார்.

"உயிரோட இருக்காரும்மா. நான் கூட்டிட்டு வரேன்."

*

பெரம்பலூர் பஸ் மழையில் ஊர்ந்தது. ஜன்னல் ஷட்டர்களை இறக்கியும் தண்ணீர் உள்ளே வந்து, பயணிகளோடு சேர்ந்து சவாரி செய்தது.

"ஆண்டவர் வாக்குக் குடுத்துட்டீங்க. பலிக்கலேன்னா பக்தருங்க எங்கிட்டதான் வருவாங்க" என்றாள் ஜெயசித்ரா.

"வாயை மூடிட்டு அந்தத் தாள்கட்டை எடு."

தர்மன் வீட்டிலிருந்து எடுத்துவந்த செய்திக் காகிதங்கள் அவள் மடியில் கிடந்தன. எல்லாம் அந்த வாரப் பத்திரிகைகளின் பிரின்ட். கையெழுத்தைத் தானே வாசிக்கும் மெஷின், தப்பு செய்து தப்பு செய்தே கற்றுக்கொள்ளும் மெஷின், சூளையைத் தானே அடக்கி ஆளும் மெஷின். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கோடு. முதல் தாள்களில் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. போகப் போக ஸ்கேல் போய், கோடு கோணி, கடைசித் தாள்களில் பக்கம் முழுக்கவே சிவப்பு. எது முக்கியம் என்று பிரிக்க முடியாமல் எல்லாவற்றையும் அடிக்கோடிட்ட மனிதனின் கை அது.

"பாவம் சார். இவர் ஒண்ணு படிச்சு முடிக்கறதுக்குள்ள அங்க நாலு எழுதிடறாங்க. ஓடற பஸ்ஸைப் பிடிக்க ஓடி, பஸ்ஸும் நிக்கல, இவரும் நிக்கல."

"முன்பக்கம் நீ படி. எனக்குப் பின்பக்கம் போதும்."

பின்பக்கத்தில் ஜாதகக் கட்டம் இருந்தது. ஒன்றல்ல, திருப்பிய தாளிலெல்லாம் மசி பூசிக் கெட்டுப்போன ஜாதகங்கள். யார் யாருடையதோ.

"வீணாப்போன தாளோட மறுபக்கத்துல பிரின்ட் எடுத்துக் குடுத்திருக்கான். கஞ்சக் கடைக்காரன்" என்றாள் ஜெயசித்ரா.

"அப்போ மெயிலும் பார்க்கலாம், கம்ப்யூட்டர் ஜாதகமும் போடலாம்னு ஒரு கடை. எந்த ஊர்ல?"

"நம்ம பக்கத்துல முக்குக்கு முக்கு அதானே சார் இருக்கு."

"பிறந்த இடத்தைப் பாரு."

பார்த்தாள். பெரம்பலூர். அடுத்தது, பெரம்பலூர். அதற்கடுத்ததும்.

"இத்தனை பேரும் ஒரே ஊர்ல பிறந்திருக்காங்களா? ஆச்சரியமா இருக்கே!"

"அதெல்லாம் இல்ல. கடைக்காரனுக்கு ஊரை மாத்தத் தெரியல. அந்த ஜாதகம் போடற மெஷின்ல முதல்லயே போட்டு வச்சது அவன் கடை இருக்கிற ஊரு. ஜெயங்கொண்டத்துல பிறந்தவனுக்கும் அங்கேயே பிரசவம் பார்த்துட்டான்."

ஜெயசித்ரா வாயைப் பிளந்தாள். "சார், சத்தியமா சொல்றேன், நீங்க கம்ப்யூட்டர் படிக்காம போனது கம்ப்யூட்டருக்கு நல்லது."

"ஷிஃப்டுன்னு வீட்டுல சொல்லிட்டு, பஸ் ஏறி பெரம்பலூர் வந்து படிச்சிருக்கார். இப்பவும் அங்கதான் எங்கியோ இருக்கார்."

"கண்டுபிடிச்சிடலாம் சார். ஒரு மாவட்டத்தையே ஒரே வருஷத்துல வரவழைச்சு, காணாமலும் அடிச்ச ஊருக்கு நடுவுல சுத்தறோம். ஒரு ஆளு எந்த மூலைக்கு?"

அரியலூர் மாவட்டம் பிறந்து, தவழ்ந்து, மறுபடி பெரம்பலூருக்குள்ளேயே கரைந்துபோன வருஷம் அது. கண்டக்டர் அவளை முறைத்தார். அவர் அரியலூர்க்காரராக இருக்க வேண்டும்.

*

கடையைப் பிடிப்பது கஷ்டமாக இல்லை. பழைய பஸ் ஸ்டாண்டு எதிரில் மாடியில், 'இன்டர்நெட், ஜெராக்ஸ், ஜாதகம், ஜாதகப் பொருத்தம்' என்று போர்டு. உள்ளே ஏ.சி. குளிர் எலும்பைத் தொட்டது. ஒட்டுப்பலகைத் தடுப்புகள், துணித் திரைகள். எல்லாக் கம்ப்யூட்டர்களின் நெற்றியிலும் ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து கிடந்தது.

கல்லாவில் இருந்தவன் வேல்முருகன், கடைச் சொந்தக்காரன். தர்மனின் போட்டோவைக் காட்டினார் ஆண்டவர்.

"தெரியாதுங்க" என்றான் வேல்முருகன், போட்டோவைப் பார்ப்பதற்கு முன்னாலேயே.

ஆண்டவர் ஜெயசித்ராவுக்குக் கண் ஜாடை காட்டினார். அவள் ஒரு தடுப்புக்குள் போய் உட்கார்ந்தாள். அவர்கள் போட்டு வைத்த திட்டம் லேசானது. அவள் தர்மனுக்கு மெயில் அனுப்புவாள். கடையில் உட்கார்ந்திருக்கும் எவன் அதைத் திறக்கிறான் என்று ஆண்டவர் நடந்து பார்ப்பார்.

ஒரு தடுப்பில் ரிசல்ட் பார்க்க வந்த இரண்டு காலேஜ் பையன்கள். இன்னொன்றில், சிங்கப்பூரில் இருக்கும் புருஷனுக்குக் கேமராவில் குழந்தையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்த ஒரு பெண். கடைக்கோடித் தடுப்பில் 'ரிப்பேர்' என்று தாள் ஒட்டி, திரையை இழுத்து மூடியிருந்தது. வேறு ஆள் இல்லை.

"சிந்தாமணி அக்கா காத்திருக்காங்க, வர்றீங்களான்னு கேட்டு அனுப்பிட்டேன் சார்" என்று ஜெயசித்ரா குரல் கொடுத்தாள்.

ஆண்டவர் தடுப்பு தடுப்பாக நடந்தார். பையன்கள் ரிசல்ட்டைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்கள். குழந்தை கேமராவை நக்கியது.

"சார்! பதில் வந்துடுச்சு! யெஸ்!"

ஆண்டவர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் எதையும் தட்டவில்லை. கல்லாவில் வேல்முருகனின் கை வெறுமனே இருந்தது. ஆனால் அந்தக் குளிரிலும் அவன் மூக்கின் மேல் வியர்த்திருந்தது.

"எங்க இருக்கீங்கன்னு கேளு."

ஜெயசித்ரா அடித்தாள். காத்திருந்தார்கள். மழை ஜன்னலை அறைந்தது.

"வந்துடுச்சு சார்."

"எங்கயாம்?"

"யெஸ்ஸாம்."

"என்ன?"

"எங்க இருக்கீங்கன்னா யெஸ்ங்கறாரு. கல்யாணமான ஆம்பளைங்க எல்லாரும் இப்படித்தான் சார் பதில் சொல்றாங்க, ஆனா..." அவள் குரல் இறங்கியது. "எனக்கு என்னவோ மாதிரி இருக்கு சார்."

ஆண்டவருக்கும் என்னவோ மாதிரிதான் இருந்தது.

அப்போதுதான் கோடித் தடுப்பின் திரை அசைந்தது. ஆண்டவர் ஒரே எட்டில் போய் இழுத்தார்.

உள்ளே ஒரு பூனை.

ரிப்பேரான கம்ப்யூட்டரின் பெட்டி மேல் சுருண்டு படுத்திருந்தது. அவரை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, இடத்தை விடுகிற உத்தேசம் இல்லாமல் மறுபடி மூடிக்கொண்டது.

"யாருமில்ல சார், பூனைதான்" என்று பின்னாலேயே ஓடிவந்தான் வேல்முருகன். "அது கெட்டுப்போன மெஷினுங்க. மதர்போர்டு போயிடுச்சு."

"ஏன்ப்பா, இந்தப் பூனை எப்பவும் இங்கதான் தூங்குமா?"

"ஆமாங்க. மழை தொடங்குனதுலேருந்து."

"கல்லா நாற்காலியில மெத்தை இருக்கு. ஜெராக்ஸ் தாள் கட்டு இருக்கு. அதெல்லாம் வுட்டுட்டு, இந்தக் குளிர்ல போய் இரும்புப் பெட்டி மேல படுக்குமா?"

வேல்முருகன் அவசரமாகத் திரையை மூடப் பார்த்தான்.

ஆண்டவர் பூனைக்குப் பக்கத்தில் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். இதமாகச் சுட்டது, அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பாத்திரம் போல.

"ஜெயா, இந்த டி.வி.யைப் போடு."

"மானிட்டர் சார்."

"அதைப் போடு."

போட்டாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிசையாக ஓடின. ஜெயசித்ரா குனிந்து படித்தாள். படிக்கப் படிக்க, எப்போதும் எதையாவது சொல்லத் துடிக்கும் அந்த வாய் மெல்ல மூடிக்கொண்டது.

"என்னம்மா?"

"புரோகிராம் சார். தர்மன் சார் எழுதினது, பேர் போட்டிருக்காரு. இது தானா மெயில் பெட்டியைத் திறக்குது. பத்திரிகைங்களை எடுத்து இதுக்குள்ள சேர்த்துக்குது. பெட்டியைக் காலி பண்ணுது. காலைல கடை திறந்து கனெக்‌ஷன் போட்டதும் ஆரம்பிச்சு, மூடற வரைக்கும்."

"பதில் போடறது?"

"இந்தப் பத்திரிகைக்காரங்க அப்பப்போ 'தொடர்ந்து அனுப்பட்டுமா?'ன்னு கேப்பாங்க. பதில் போடலேன்னா பேரை எடுத்துடுவாங்க. இவர் ஷிஃப்டுல மாட்டிக்கிட்டு, பதில் போட முடியாம நிறைய வுட்டுப் போயிருக்கும்போல. அதனால..." அவள் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். "வர்ற மெயில்ல கேள்விக்குறி எங்கியாவது இருந்தா, பேரைப் போட்டு யெஸ்னு அனுப்பச் சொல்லியிருக்காரு. யார் கேட்டாலும். என்ன கேட்டாலும்."

பூனை எழுந்து முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தது.

ஆண்டவர் வேல்முருகனைச் சுவரோடு நிறுத்திக் கேட்டார். அவன் இரண்டு கைகளையும் கூப்பிவிட்டான்.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க சார். வாராவாரம் வருவாரு. என் மெஷினுங்களுக்கு எந்தக் கோளாறுன்னாலும் அவருதான் பார்த்துக் குடுப்பாரு. 'எனக்குப் படிக்க நேரம் பத்தல வேலு, எனக்குப் பதிலா இது படிக்கட்டும், இதுல யாரையும் கைவைக்க வுடாத'ன்னாரு. ஆளைக் காணோம்னு பேப்பர்ல பார்த்ததும் உசுரே போயிடுச்சு. போலீஸ் வந்தா எல்லா மெஷினையும் அள்ளிக்கிட்டுப் போயிடுவாங்களே, கடை போயிடுமேன்னு ரிப்பேர்னு எழுதி ஒட்டிட்டேன்."

"அணைச்சிருக்கலாமே?"

"மனசு வரல சார். வந்து கேட்டாருன்னா?"

அவன் கண்ணில் பொய் இல்லை. பொய் இருந்திருந்தால் ஆண்டவருக்கு நன்றாக இருந்திருக்கும். பிடித்து உலுக்க ஒரு திருடனாவது கிடைத்திருப்பான்.

"ஜெயா, இன்னும் ஒரு கேள்வி அனுப்பு."

"என்ன சார்?"

"தர்மன், நீங்க செத்துட்டீங்களா?"

ஜெயசித்ரா அவரை நிமிர்ந்து பார்த்தாள். வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினாள். பிறகு பழைய தடுப்புக்குப் போய், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள், கீ போர்டை இன்றைக்குத்தான் பார்க்கிறவள் போல.

கறுப்புத் திரையில் ஒரு வரி ஓடியது. ஆண்டவர் அதைத் தன் கண்ணாலேயே பார்த்தார். ஜெயசித்ராவின் தடுப்புக்குப் போய் எட்டிப் பார்த்தார். ஜெயசித்ரா திரையைக் கை காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

யெஸ். டி. தர்மன்.

இது சாவுக்கும் சாட்சி அல்ல, உயிருக்கும் சாட்சி அல்ல. ஆண்டவருக்கு அது தெரியும். காலையில் அரியலூரில் ஒரு பெண்ணைச் சிரிக்க வைத்ததும் இதே வார்த்தைதான். அதற்கு மேலே தன் வாக்கை வேறு முத்திரையாகக் குத்திவிட்டு வந்திருக்கிறார்.

திரையில் மறுபடி எழுத்துகள் ஓடின. அமெரிக்காவிலிருந்து இந்த வாரப் பத்திரிகை வந்து சேர்ந்தது. மெஷின் அதை வாங்கி, அடுக்கி, அடுத்ததற்குக் காத்திருந்தது. எதையும் விட்டுவிடக்கூடாது என்று தவித்தவருக்கு எதுவுமே விட்டுப்போகவில்லை. படிக்கத்தான் ஆளைக் காணோம்.

"அணைச்சுடட்டுங்களா சார்?" என்றான் வேல்முருகன்.

ஆண்டவர் அதைக் காதில் வாங்காமல் மாடிப்படியில் இறங்கி ஓடினார்.

*

கீழே எஸ்.டி.டி. பூத். சிந்தாமணிக்குப் பக்கத்து வீட்டு போன்தான். கூப்பிடப் போன பெண் திரும்புவதற்குள், மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடுவதையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டு வேளைதான் தாண்டியிருந்தது. சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இப்போது கிளம்பினால்கூட அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். ஜெயசித்ரா நனைந்தபடியே அரியலூர் பஸ்ஸைத் தேடி ஓடிக்கொண்டிருந்தாள்.

"சார்!" மூச்சு வாங்க வந்தது சிந்தாமணியின் குரல். "கெடைச்சிட்டாரா?"

"சொல்றதைக் கேளும்மா. முத்துவேலைக் கூட்டிக்கிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ. அந்த உடம்பை ஒரு தடவை நீ பார்த்துடு."

"எதுக்கு சார்? அதான் எடுத்துட்டாங்களே."

"யாரு எடுத்தா?"

"நீங்க பஸ் ஏறுனதும் ஏட்டய்யா வந்துட்டாரு. நீங்க குடுத்த தாளைக் காட்டுனேன். எங்க வூட்டுக்காரரு பதில் போட்டிருக்காரு, அந்தப் பொணம் அவரு இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். சரி, சாயங்காலம் வரைக்கும் எதுக்கு, மழை வலுக்கறதுக்குள்ள முடிச்சிடறோம்னு போயிட்டாங்க. இந்நேரம் பொதைச்சிருப்பாங்க."

ஆண்டவர் பூத்தின் கண்ணாடிக் கதவில் கையை ஊன்றிக்கொண்டார். "பார்க்காமலேயா எழுதிக் குடுத்த?"

"பார்த்தா மனசு மாறிடுமோன்னு பயமா இருந்துச்சு சார். நீங்கதான் அவ்ளோ உறுதியா சொன்னீங்களே." பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு, "பக்கத்துல இருக்காரா? போனைக் குடுங்க. திட்ட மாட்டேன்னு சொல்லுங்க."

எத்தனையோ பேருக்கு எத்தனையோ கெட்ட சேதி சொன்னவர் ஆண்டவர். அதற்கென்றே ஒரு குரல் வைத்திருந்தார். அது இப்போது வரவில்லை.

"அவர் இங்க இல்லம்மா. அவர் எழுதி வச்ச புரோகிராம் ஒண்ணு, இங்க ஒரு கம்ப்யூட்டர்ல ஓடிக்கிட்டிருக்கு. அதுதான் யெஸ்னு போடுது. யார் கேட்டாலும் அதையேதான் போடுது. நான்... நான் ஏமாந்துட்டேம்மா."

வயருக்குள் மழை இரைந்தது.

"அப்ப, அது அவருதானா?"

"தெரியல. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"தெரியலயா?"

"தெரியலம்மா. நான் வந்துக்கிட்டே இருக்கேன். மேல இடத்துல ஆர்டர் வாங்கி மறுபடி தோண்டச் சொல்லலாம். நாளாகும். ஆனா செய்யலாம்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அழவில்லை.

"எந்த எடத்துல பொதைக்கப் போறாங்கன்னுகூட நான் அவங்ககிட்ட கேக்கல சார். நம்ம ஆளு இல்லையேன்னு கேக்காம வுட்டுட்டேன். அநாதைன்னா கல்லு கூட நட மாட்டாங்க. இந்த மழைக்கு மண்ணு எல்லா எடத்துலயும் ஒண்ணுபோல ஆயிடும்."

"சிந்தாமணி, நீ எங்கயும் போகாத. நான் ஏட்டுக்குப் போன் போட்டுக் கேக்கறேன். சிந்தாமணி?"

ரிசீவர் எதிலோ இடித்து இடித்துத் தொங்கும் சத்தம் கேட்டது. அதற்கும் அப்பால், தெருவைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண் கத்திக்கொண்டிருந்தாள்.

"ஏய் சிந்தாமணி! இந்தக் கொட்டுற மழையில எங்கடி ஓடற? கொடையாவது எடுத்துக்கிட்டுப் போடி!"